விளிம்பில் ஒரு பெயர்

ஆங்கிலேயர் காலத்துப் போர்ப் பதக்கங்களை வெள்ளியின் எடைக்குப் போட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று அவற்றைத் தேடிக் கண்டம்விட்டுக் கண்டம் அலைகிறார்கள் சேகரிப்பாளர்கள். ஆனால் அவற்றை மார்பில் அணிந்த சிப்பாய்களின் வீடுகளில் மிஞ்சியிருப்பது என்ன?

லண்டனில் 2009-ல் ஏலத்துக்கு வந்த பதக்கங்களில் ஒரு வெள்ளிச் சிலுவையும் இருந்தது. நடுவில் டிராகனைக் குத்தி வீழ்த்தும் புனித ஜார்ஜ். மேலே கருநீல ரிப்பன். பின்பக்கம் திருப்பினால் அதை வாங்கியவரின் பெயர்: நாயக் கிர்பா ராம். போர்முனைக்கு வெளியே காட்டிய வீரத்துக்காக பிரிட்டன் அளிக்கும் மிக உயர்ந்த விருதான ஜார்ஜ் கிராஸ் அது. ஆனால் அது இருக்க வேண்டிய இடம் லண்டன் அல்ல. ஹிமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், கிர்பா ராமின் மனைவி வாழ்ந்த கிராமத்து வீட்டிலிருந்து 2002-ல் திருடுபோன பதக்கம் அது.

கிர்பா ராம் எப்படி இறந்தார் என்பது அரசிதழில் பதிவாகியிருக்கிறது. 1945 செப்டம்பர். இரண்டாம் உலகப் போர் அதிகாரபூர்வமாக முடிந்த அதே மாதம். பெங்களூருக்கு அப்பால் தொண்டேபாவியில் எல்லைப்புற ரைபிள் படையினருக்குச் சுடும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அனுபவமில்லாத ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கி மூலம் எறிந்த குண்டு தூரத்தில் போய் விழாமல், சில கஜ தூரத்திலேயே விழுந்தது. சுற்றிலும் ஆட்கள். ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே கிர்பா ராம் முன்னால் பாய்ந்தார். குண்டை எடுத்து வேறு பக்கம் வீசப் போனார். அதற்குள் வெடித்துவிட்டது. உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. 1946-ல் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண் பாதுகாத்துவந்த அந்தச் சிலுவை, திருடு போன ஏழு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி ஏலக் கூடத்தைச் சேர்ந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் ஏலம் நிறுத்தப்பட்டது. இது தன்னுடையதுதான் என்று நிரூபித்து அதைத் திரும்பப் பெற அவருக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 2015-ல் பதக்கம் வீடு திரும்பியது.

இது அபூர்வமான கதை. போன பதக்கம் திரும்பி வந்ததுதான் அபூர்வம். பதக்கம் போவது அல்ல. பஞ்சாபிலும் கடுவாலிலும் ராஜபுதனத்திலும் பழைய மதராஸ் ராஜதானியிலும் சிப்பாய்க் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இருந்த பதக்கங்கள் ஒரு நூற்றாண்டாகக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வறுமையில் விற்கப்பட்டவை, உருக்கப்பட்டவை, களவு போனவை, அருமை தெரியாமல் பழைய சாமான் வியாபாரியிடம் போனவை என்று பலவிதம். வாங்குகிற கூட்டமும் பெருகியிருக்கிறது. பதக்க ஆராய்ச்சிக்கென்றே பிரிட்டனில் 1942-ல் தொடங்கப்பட்ட சங்கம் இருக்கிறது. விலைப் பட்டியலோடு வரும் ஆண்டுப் புத்தகம் இருக்கிறது. பதக்கத்தை மட்டுமே ஏலம் விடும் நாட்கள் இருக்கின்றன.

பெயருக்குத்தான் விலை

தபால்தலை சேகரிப்பவருக்கும் நாணயம் சேகரிப்பவருக்கும் இல்லாத ஒரு வசதி பதக்கம் சேகரிப்பவருக்கு உண்டு. ஒரே அச்சில் அடித்த ஆயிரம் நாணயங்களும் ஒன்றுதான். ஆனால் ஒரே அச்சில் அடித்த ஆயிரம் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் ஆயிரம் தனித்தனிப் பொருள்கள். காரணம், அவற்றின் விளிம்பு. முன்பக்கம் அரசரோ அரசியோ, பின்பக்கம் சிங்கமோ வெற்றி தேவதையோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கால் அங்குலம்கூட இல்லாத விளிம்பில், அதை வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பதிக்கப்பட்டிருக்கும்.

1815-ல் நடந்த வாட்டர்லூ போரில் கலந்துகொண்டவர்களுக்காக அடித்த பதக்கத்தில் தொடங்கியது இந்த வழக்கம். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு கொடுத்த பெரும்பாலான போர்ப் பதக்கங்களில் பெயர் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பதக்கங்களின் எண்ணிக்கை மலைபோலக் குவிந்தபோதுதான் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே அனுப்பியது.

எனவே ஒரு பதக்கம் கைக்கு வந்தால் சேகரிப்பாளர் அரசியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைத்தான் பார்க்கிறார். எழுத்து அச்சுக் குத்தியதா, செதுக்கியதா? அந்த ஆண்டில் அந்தப் படைக்கு வழங்கிய பதக்கங்களில் இருக்கும் எழுத்து வகைதானா? பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, விலை போகும் வேறு பெயரைப் பொறிக்கும் வேலை இன்று நேற்று வந்ததல்ல. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி அளந்து பார்ப்பதுதான். பெரும்பாலான பதக்கங்களின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். விளிம்பை ராவியிருந்தால் பெயர் இருந்த பக்கம் மயிரிழை குறையும். கருவியின் பல்லுக்கு நடுவே வைத்துத் திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்து பார்க்க வேண்டியது ரிப்பனுக்குக் கீழே கோத்திருக்கும் குறுக்குப் பட்டைகள். எந்தப் போரில், எந்த முற்றுகையில் இருந்தார் என்பதை அவை சொல்லும். 1857 கிளர்ச்சியை அடக்கியவர்களுக்குத் தரப்பட்ட பதக்கத்துக்கு ஐந்து பட்டைகள் உண்டு: டெல்லி, லக்னோ பாதுகாப்பு, லக்னோ மீட்பு, லக்னோ, மத்திய இந்தியா. இவற்றில் லக்னோ ரெசிடென்சிக்குள் முற்றுகையில் சிக்கியவர்களுக்கான பட்டைக்குத்தான் மவுசு அதிகம். அந்தச் சுவர்களுக்குள் ஆங்கிலேயரோடு நின்றவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதும், சுவருக்கு வெளியே சுட்டவர்களில் பலர் கம்பெனியின் பஞ்சாப் யுத்தப் பதக்கங்களை முன்பு மார்பில் குத்திக்கொண்ட பட்டாளங்களைச் சேர்ந்தவர்கள் என்பதும் அந்தச் சிறு பட்டையில் எழுதப்படாத வரலாறு.

இன்னொன்று: பதக்கத்தைப் பளபளப்பாகத் தேய்க்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் வெள்ளிக் குத்துவிளக்குக்கு விபூதி போட்டுத் தேய்ப்பதுபோல வருஷா வருஷம் தேய்த்த பதக்கங்களில் அரசியின் மூக்கு மழுங்கிவிடும். விளிம்பிலுள்ள எழுத்தும் போய்விடும். கருத்துக் கிடக்கும் பதக்கத்துக்குத்தான் மதிப்பு.

கம்பெனி தந்த தகரம்

போரில் ஈடுபட்ட எல்லா நிலையினருக்கும் பதக்கம் என்ற எண்ணத்தை பிரிட்டிஷ் அரசுக்கு முன்பே செயல்படுத்தியது கிழக்கிந்தியக் கம்பெனிதான். மேற்கு இந்தியாவிலும் குஜராத்திலும் மராட்டியர்களோடு சண்டையிட்ட வங்காளப் படைச் சிப்பாய்களுக்கு அது 1784-ல் தக்காணப் பதக்கம் கொடுத்தது. வாசகங்கள் பாரசீகத்தில். கழுத்தில் கயிறு கோத்து மாட்டிக்கொள்ள வேண்டும். மைசூர்ப் போருக்கு இன்னொன்று.

சேகரிப்பாளர்களின் கண்ணில் தனி இடம் பிடித்தது 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காக அடித்த பதக்கம். ஒரு பக்கம் கோட்டைச் சுவரில் ஏறும் படை. மறுபக்கம் புலியை மடக்கிப் போட்டு மேலே நிற்கும் சிங்கம். திப்பு சுல்தானின் புலி அது, சிங்கம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிங்கத்துக்கு மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்து. ஆண்டவனின் சிங்கமே வெல்லும் என்று பொருள். இந்த வாசகம் திப்புவும் ஆயுதங்களில் பொறித்துக்கொண்டதுதான். தோற்றவரின் வாசகத்தையே வென்றவர் எடுத்துக்கொண்டார். கியூக்லர் என்ற ஜெர்மானியர் வடிவமைக்க, பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் நாணயச் சாலையில் அடிக்கப்பட்ட பதக்கம் இது.

ஒரே வெற்றிக்கு ஐந்து உலோகங்கள். தளபதிகளுக்குத் தங்கம். மேல்நிலை அதிகாரிகளுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. அதற்குக் கீழே உள்ள அதிகாரிகளுக்கு வெள்ளி. இன்னும் கீழே வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். கோட்டையின் உடைந்த சுவரில் முதலில் ஏறியவன் பெரும்பாலும் தகரம் வாங்கியவனாகத்தான் இருந்திருப்பான்.

1824-ல் தொடங்கிய முதல் பர்மா யுத்தத்துக்குக் கம்பெனி தந்த பதக்கத்தில் ஆவாவின் வெள்ளை யானை பிரிட்டிஷ் சிங்கத்தின் முன் மண்டியிடுகிறது. மதராஸ் படையின் சிப்பாய்கள் ஏராளமானோர் கப்பலேறிப் போன யுத்தம் அது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் துப்பாக்கியைவிட அதிகம் பேரைக் கொன்ற யுத்தமும் அதுதான். இந்திய அதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்க்கு வெள்ளி. தமிழும் தெலுங்கும் பேசிய கைகளில் வந்து விழுந்த பெரிய பதக்க வரிசைகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். பெயர் பொறிக்கப்படாததால் எது யாருடையது என்று இன்று சொல்ல முடியாது.

கம்பெனியின் கஞ்சத்தனத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1803 முதல் 1826 வரை நடந்த யுத்தங்களுக்கான இந்திய ராணுவப் பதக்கம் 1851-ல்தான் வழங்கப்பட்டது. அதுவும் அதுவரை உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். அசாயேயில் சண்டையிட்ட இருபது வயது இளைஞன் அதை வாங்க அறுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்திருக்க வேண்டும். கிராமத்தில் ஓய்விலிருந்த இந்தியச் சிப்பாய்களில் அப்படி வாழ்ந்து, விஷயம் தெரிந்து, விண்ணப்பித்தவர்கள் மிகக் குறைவு. எனவே இந்தியப் பெயர் தாங்கிய அந்தப் பதக்கம் இன்று கிடைத்தற்கரியது.

வீரத்துக்கென்று தனியாகக் கம்பெனி 1837-ல் ஏற்படுத்திய ஆர்டர் ஆஃப் மெரிட் இன்னொரு ரகம். விக்டோரியா கிராஸுக்கு 19 ஆண்டுகள் மூத்தது. மூன்று வகுப்புகள். மூன்றாம் வகுப்பு வாங்கியவருக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இரண்டாம் வகுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. முதல் வகுப்புக்கு இரட்டைச் சம்பளம். 1897 செப்டம்பர் 12-ல் சாராகடியில் கடைசி ஆள்வரை நின்று மடிந்த 36-வது சீக்கியப் படையின் 21 பேருக்கும் இந்த விருது கிடைத்தது. விக்டோரியா கிராஸ் இந்தியர்களுக்கு எட்டாக் கனியாக இருந்த காலம் அது. 1911-ல்தான் அந்தக் கதவு திறந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து பெல்ஜியத்தில், தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற எல்லோரும் மடிந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்த குதாதாத் கான் அதைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் ஆனார்.

வெண்கலம் வாங்கியவர்கள்

இந்தியப் படை எங்கே போனாலும் அதன் பின்னால் இன்னொரு படை போகும். தண்ணீர் சுமக்கும் பிஸ்திகள், டோலி தூக்கிகள், குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள், கோவேறு கழுதை ஓட்டிகள். குண்டு பாயும் இடத்துக்குத் தண்ணீர்ப் பையோடு போனவர்கள். ஆனால் கையில் துப்பாக்கி இல்லாதவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இவர்களுக்கும் பதக்கம் கொடுக்க முடிவானது. அதே அச்சு, அதே ரிப்பன். உலோகம் மட்டும் வெள்ளிக்குப் பதில் வெண்கலம். 1900-ல் சீனாவுக்கும் 1903-04-ல் திபெத்துக்கும் போன படைகளின் பதக்கங்களில் இந்த இரு வகையும் உண்டு.

இந்த வேறுபாடு காலத்தின் விசித்திரங்களில் ஒன்று. 1880-ல் காபூலிலிருந்து கந்தகாருக்கு நடந்த நெடும் பயணத்தில் ராபர்ட்ஸ் தளபதியைச் சுமந்த வானலெல் என்ற குதிரைக்கு விக்டோரியா அரசியே பதக்கம் வழங்கினார். நான்கு பட்டைகளோடு ஆப்கன் பதக்கம், பிடிபட்ட பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கிச் செய்த நட்சத்திரம் இரண்டும் அந்தக் குதிரையின் கழுத்தில் தொங்கின.

வெண்கலப் பதக்கங்களை நெடுங்காலம் யாரும் சீண்டவில்லை. இப்போது நிலைமை தலைகீழ். எண்ணிக்கையில் குறைவு என்பது ஒரு காரணம். சமையல்காரர், தண்ணீர்க்காரர் என்று விளிம்பில் தொழிலோடு பெயர் வருவது இன்னொரு காரணம். வேறு எந்த ஆவணத்திலும் எளிதில் கிடைக்காத மனிதர்களின் பெயர்கள் அவை. உலோகத்தில் தங்களை எழுதிவைக்கும் வழக்கம் அரசர்களுக்கும் கோயிலுக்குக் கொடை தந்தவர்களுக்கும்தான் இருந்தது. ஒரு பிஸ்தியின் பெயரை உலோகத்தில் பொறித்தது அநேகமாக இதுதான் முதல் முறை. அது ஆங்கில எழுத்தில் இருந்ததால் அவரால் படித்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

உருகிப்போன வெள்ளி

எண்ணிக்கையில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது முதல் உலகப் போர். பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. பிரிட்டன் அடித்த வெள்ளிப் போர்ப் பதக்கம் மொத்தம் சுமார் 65 லட்சம். தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் சுமார் 1,10,000. இந்தப் பதக்கம் பெரும்பாலும் தனியாக வராது. வானவில் நிற ரிப்பனோடு வெற்றிப் பதக்கம் என்ற இன்னொரு வெண்கல வட்டமும் கூடவே வரும். கணவன் மனைவிபோல இரண்டும் ஜோடி.

ஜோடியைப் பிரித்தது வெள்ளியின் விலை. போர்ப் பதக்கத்தில் இருப்பது ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி. நம் கணக்கில் இரண்டே முக்கால் தோலா. ஓய்வூதியம் போதாத வீட்டில், மகளுக்குக் கொலுசு வேண்டுமென்றால், கண்ணில் படும் முதல் பொருள் அதுதான். தட்டார் கடையில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் உருகிக் கொலுசானார். உருக்கியது இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. 1979-80-ல் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியைப் பதுக்கி விலையை அவுன்ஸ் 50 டாலர் அருகே ஏற்றியபோது பிரிட்டனிலேயே இந்தப் பதக்கங்கள் குவியல் குவியலாக உலைக்குப் போயின. வெண்கலத்துக்கு விலை இல்லாததால் வெற்றிப் பதக்கங்கள் தப்பின. இன்றும் ஜோடியில்லாமல் அலையும் வெற்றிப் பதக்கங்களின் பின்கதை இதுதான். அந்த விளிம்பிலுள்ள பெயருக்குரிய வெள்ளி எங்கேயாவது கரண்டியாகவோ கொலுசாகவோ இருக்கும்.

இந்தியர்களின் பதக்கங்களுக்கு நெடுங்காலம் ஆங்கிலேயர் பதக்கங்களைவிட விலை மிகக் குறைவு. ஆங்கிலச் சிப்பாய் என்றால் ஊர், பிறந்த தேதி, காயம், புகைப்படம் என்று ஆவணம் கிடைக்கும். இந்தியச் சிப்பாய் என்றால் ஒரே பட்டாளத்தில் பல ராம் சிங்குகள். விளிம்பில் எண் இல்லையென்றால் ஆளைப் பிரித்தறிய வழியில்லை. ஆனால் 2014-ல் போரின் நூற்றாண்டு வந்தபோது, பிரிட்டனிலும் கனடாவிலும் குடியேறிய பஞ்சாபியர்கள் தாத்தாவின் தாத்தாவைத் தேடத் தொடங்கினார்கள். தேவை கூடியது, விலையும் கூடியது.

தர்பார் தந்தவை

போருக்குப் போகாமலே பதக்கம் வாங்கியவர்களும் உண்டு. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட 1877 டெல்லி தர்பாருக்குப் பெரிய பதக்கம் ஒன்று. சமஸ்தானாதிபதிகளுக்குத் தங்கம், மற்றவர்களுக்கு வெள்ளி. கழுத்தில் தொங்கவிட வேண்டும். 1903-லும் 1911-லும் அடுத்தடுத்த தர்பார்களுக்குப் பதக்கங்கள். 1911 டிசம்பர் 12-ல் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து, தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று அறிவித்த தர்பாரின் பதக்கத்தில் முன்பக்கம் அரசரும் அரசியும். பின்பக்கம் முழுக்கப் பாரசீக வாசகம். இவற்றில் பெயர் பொறிப்பதில்லை. எனவே தனிமனிதரைத் தேடும் சேகரிப்பாளர்களுக்கு இவற்றில் ஆர்வம் குறைவு. அழகுக்காகவும் சமஸ்தான வரலாற்றுக்காகவும் வாங்குபவர்கள் வேறு ரகம்.

திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் என்று தென்னிந்திய வீடுகளின் கூடத்துப் படங்களில் கோட்டின்மேல் தொங்குபவை பட்டச் சின்னங்கள். 1911-ல் தொடங்கிய இவையும் இன்று சேகரிப்புப் பொருள்கள்தான்.

ஆனால் இந்த வரிசையில் மிகப் புகழ்பெற்ற மூன்று பதக்கங்கள், திருப்பி அனுப்பப்பட்டவை. போயர் யுத்தத்தில் காயம்பட்டவர்களைத் தூக்க காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அவர்களில் நிறைய. பதக்கம் கிடைத்தது படையின் தலைவர்களுக்கு. 1906 ஜூலுக் கிளர்ச்சியின்போது செய்த தொண்டுக்கு காந்திக்கு இன்னொரு பதக்கம். 1915-ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம். 1920 ஆகஸ்ட் 1-ல், ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய நாளில், பஞ்சாப் படுகொலையையும் கிலாபத் பிரச்சினையையும் காரணம் காட்டி மூன்றையும் வைஸ்ராய்க்கு அனுப்பிவைத்தார் அவர். பதக்கம் என்பது வெறும் உலோகம் அல்ல, ஓர் உறவின் அடையாளம் என்று அதைக் கொடுத்தவர்களுக்கும் தெரியும், திருப்பியவருக்கும் தெரியும்.

கல்லில் எண்ணிக்கை, உலோகத்தில் பெயர்

தமிழகத்திலும் வடக்கிலும் பல ஊர்களில் ஒரே மாதிரியான சிறு கல்வெட்டுகள் இருக்கின்றன. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று சொல்லும் கற்கள். அவற்றில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. பெயர் பதக்கத்தில் இருக்கிறது, ஊர் இருக்காது. இரண்டையும் சேர்ப்பதுதான் பதக்க ஆராய்ச்சியின் ருசியே.

சேர்க்க உதவும் காகிதங்கள் சிதறிக் கிடக்கின்றன. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள். டெல்லியில் 1870-ல் தொடங்கப்பட்ட யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனின் ராணுவ வரலாற்று ஆய்வு மையம். லாகூர் அருங்காட்சியகத்தில் 97 ஆண்டுகள் கிட்டத்தட்ட யாரும் தொடாமல் கிடந்த பதிவேடுகளில் முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாப் வீரர்கள் சுமார் 3,20,000 பேரின் விவரம், ஊர் வாரியாக, 26,000 பக்கங்களில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி 2021-ல் வெளியிடத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பல குடும்பங்கள் தங்கள் முன்னோர் எந்தப் படையில் இருந்தார்கள் என்பதை முதல் முறையாகத் தெரிந்துகொண்டன. மற்ற மாகாணங்களுக்கு இப்படி ஒரு பதிவேடு கிடைத்தால் எத்தனை வீடுகளின் கதை மாறும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

சட்டமும் இந்த விளையாட்டில் உண்டு. 1972-ல் இயற்றி 1976-ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளைக் கடந்த வரலாற்றுப் பொருள் எதையும் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. முதல் உலகப் போருக்காக 1919-க்குப் பிறகு வழங்கிய பதக்கங்கள் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டிவருகின்றன. நேற்றுவரை தாராளமாகக் கைமாறியது இன்று சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. ஆனால் போக வேண்டியதில் பெரும்பகுதி எப்போதோ போய்விட்டது.

விற்காத ஒருவர்

போகாமல் நின்றதும் உண்டு. ஹரியானாவின் பல்ரா கிராமத்தைச் சேர்ந்த ஹவில்தார் உம்ராவ் சிங், 1944 டிசம்பரில் பர்மாவின் கலாடன் பள்ளத்தாக்கில் தன் பீரங்கியைக் காத்து நின்றவர். ஜப்பானியர் அலை அலையாக வந்தார்கள். தோட்டா தீர்ந்த பிறகு, பீரங்கியை நகர்த்தும் இரும்புத் தண்டை எடுத்துக்கொண்டார். பல மணி நேரம் கழித்து, உடலெங்கும் காயங்களோடு, எதிரிகளின் சடலங்களுக்கு நடுவே நினைவிழந்து கிடந்தவரைத் தோழர்கள் கண்டெடுத்தார்கள். பீரங்கி பத்திரமாக இருந்தது. அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

ஊர் திரும்பிய உம்ராவ் சிங்குக்குச் சொற்ப நிலமும் சொற்ப உதவித்தொகையும்தான். பெரும் தொகை தருவதாகச் சொல்லிச் சிலுவையை விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. மடிந்த தோழர்களின் மானத்துக்கு அது இழுக்கு என்று மறுத்துவிட்டார். 1995-ல், ஐரோப்பிய வெற்றியின் பொன்விழாவுக்கு லண்டன் போனபோது பிரதமர் ஜான் மேஜரிடம் உதவித்தொகை பற்றி நேரடியாகவே பேசினார். அந்த ஆண்டே விக்டோரியா கிராஸ் பெற்ற எல்லோருக்கும் ஆண்டுத் தொகை 1,300 பவுண்டாக உயர்ந்தது. 2005-ல் தன் 85-வது வயதில் இறக்கும்வரை சிலுவை அவரிடமே இருந்தது.

ஆங்கிலேயர் பெயரில் வந்த இந்த வரிசையின் கடைசிப் பதக்கம் சுதந்திர இந்தியா தன் படையினருக்குக் கொடுத்தது. 1947 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்தவர்களுக்கான இந்திய சுதந்திரப் பதக்கம் அது. ரிப்பன் காவி, வெள்ளை, பச்சை. பின்பக்கம் அசோகரின் சிங்கத் தூண். முன்பக்கம் அசோகச் சக்கரம். ஆனால் இந்தியா குடியரசாகாத காலம் என்பதால் சக்கரத்துக்கு மேலே ஒரு கிரீடம், சுற்றிலும் ஆறாம் ஜார்ஜின் பெயர். போன ஆட்சியும் வந்த ஆட்சியும் ஒரே வட்டத்தில் இடம் பிடித்த கொஞ்ச நாள் அது.

அந்தப் பதக்கம் இன்று அதிக விலை போவதில்லை. பழைய டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். இருந்தால் விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைப் படித்தால் போதும்.